வாதம் நடந்த ஊரும் ஊர்வலம் போன வீதியும்

கண்டியிலிருந்து தெற்கே இருபது கிலோமீற்றர் போனால் கம்பளை. மகாவலியை ஒட்டிய இந்தச் சிறு நகரத்தில் 1871ஆம் ஆண்டு பௌத்தர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே பகிரங்க வாதம் ஒன்று நடந்தது. பௌத்த தரப்பில் நின்றவர் மிகெட்டுவத்தே குணானந்த தேரர். உலகைப் படைத்த ஒருவன் உண்டா, சாகாத ஆன்மா என்று ஒன்று உண்டா, பைபிள் சொல்லும் கடவுள் எல்லாம் அறிந்தவர்தானா என்பவையே அக்காலத்து வாதங்களில் மோதிய கேள்விகள். இறைமறுப்பு என்று இன்று நாம் சொல்வதன் மிகக் கூர்மையான கேள்விகள் பொது மேடையில், ஊர்ச்சனம் கேட்கக் கேட்கக் கேட்கப்பட்டன. வாதம் வாதமாகவே முடிந்தது.

அதே கம்பளையில் 1912இல் வேறொரு பிணக்குத் தொடங்கியது. வலஹாகொட தேவாலயத்தின் பெரஹரா ஊர்வலம் அம்பகமுவ வீதிப் பள்ளிவாசலைத் தாண்டும்போது மேளம் அடிக்கலாமா, நிறுத்த வேண்டுமா என்பதுதான் வழக்கு. 1914இல் மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் தேவாலயத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. அவ்வாண்டு மே 28 இரவு, வெசாக் நாளில், பௌத்த பக்திப் பாடல் குழு ஒன்று கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலருகே வந்தபோது கைகலப்பு மூண்டது. அங்கிருந்து கிளம்பிய நெருப்பு தென்னிலங்கையில் பல மாவட்டங்களைச் சுட்டது. முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன, உயிர்கள் போயின, ஆங்கில அரசு இராணுவச் சட்டம் போட்டுச் சிங்களத் தலைவர்களைச் சிறைக்கு அனுப்பியது.

கடவுள் உண்டா என்று அந்த இரவில் எவரும் கேட்கவில்லை. இரு தரப்பாரும் தத்தம் நம்பிக்கையில் உறுதியானவர்கள்.

நம்பிக்கையாளருக்கும் நாத்திகருக்கும் இடையிலுள்ள மரியாதையையும் பகையையும் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கருத்துகளின் மோதலிலிருந்தே தொடங்குகிறார்கள். ஒருவர் கடவுள் இல்லை என்கிறார், மற்றவர் மனம் புண்படுகிறார், பகை பிறக்கிறது என்பது அவர்கள் கணக்கு. கண்டியின் வரலாறு இந்தக் கணக்கைப் பொய்யாக்குகிறது. இங்கே எவ்வளவு கடுமையான மறுப்பும் வாதமாக இருந்தவரை தாங்கப்பட்டிருக்கிறது. அது ஒரு கூட்டத்தின் ஊர்வலமாக மாறி இன்னொரு கூட்டத்தின் வாசலுக்குப் போனபோதுதான் இரத்தம் சிந்தியிருக்கிறது. குணானந்தரின் வாழ்க்கையே இதற்குச் சாட்சி. 1873 ஆகஸ்ட் 26, 28 ஆகிய இரு நாட்கள் பாணந்துறையில் அவர் வண. டேவிட் டி சில்வாவோடு வாதிட்டார். எகிப்தில் தன் மக்களின் வீடு எது, பிறர் வீடு எது என்று கண்டுகொள்ள எல்லாம் அறிந்த கடவுளுக்குக் கதவுநிலையில் இரத்த அடையாளம் எதற்கு என்று கேட்டார். ஆன்மாவே இல்லையென்றால் இப்பிறவியின் பாவத்துக்கு அடுத்த பிறவியில் யார் தண்டனை அனுபவிப்பது என்று டி சில்வா திருப்பிக் கேட்டார். இரண்டும் அசட்டையாகத் தள்ளிவிட முடியாத கேள்விகள். ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தும் பெரிய குழப்பமின்றி அது நிறைவடைந்தது. பத்தாண்டு கழித்து, 1883இன் ஈஸ்டர் ஞாயிறன்று, கொட்டாஞ்சேனையிலிருந்த அதே தேரரின் விகாரைக்கு வந்த பௌத்த ஊர்வலம் கத்தோலிக்கர்களால் தாக்கப்பட்டுக் கலவரம் வெடித்தது. ஆள் ஒருவர்தான், எதிர்த்த மதமும் ஒன்றுதான். மேடையில் வராத வன்முறை வீதியில் வந்தது.

மேடைக்கு ஒழுங்கு இருந்தது என்பதை மறக்கக் கூடாது. யார் எப்போது பேசுவது, எவ்வளவு நேரம் பேசுவது என்பதெல்லாம் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளப்பட்டன. பேசியவை எழுத்தில் பதிவாயின. எதிராளி முழுதாகப் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். ஊர்வலத்தில் எவரும் எவர் முறைக்காகவும் காத்திருப்பதில்லை.

கண்டியில் இக்கேள்விக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. உலகின் பல ஊர்களில் படைப்புக் கடவுளை மறுப்பவன் ஊருக்கு வெளியே நிற்கும் ஒற்றை ஆள். இங்கே அந்த மறுப்பு பெரும்பான்மை மதத்தின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. உலகை ஒருவன் படைத்து நடத்துகிறான் என்பதைத் தேரவாத பௌத்தம் ஏற்பதில்லை. ஆனால் தலதா மாளிகையின் அயலிலேயே நாதர், விஷ்ணு, பத்தினி தேவாலயங்கள் இருக்கின்றன. சற்றுத் தள்ளி கதிர்காமத் தெய்வத்தின் தேவாலயம். எசல பெரஹராவில் புனித தந்தத்தின் பேழைக்குப் பின்னால் இந்த நான்கு தெய்வங்களின் ஊர்வலங்களும் வருகின்றன. பத்தினி என்பவள் நம் கண்ணகியேதான். அதே வளாகத்தை ஒட்டி ஆங்கிலேயர் கட்டிய புனித பவுல் ஆலயம் செங்கல் நிறத்தில் நிற்கிறது. மறுப்பும் வழிபாடும் இங்கே ஒரே முற்றத்தைப் பங்குபோட்டுக் கொண்டிருக்கின்றன. படைத்தவன் இல்லை என்று பன்சலையில் பிரசங்கம் கேட்ட சிங்களப் பெண்மணி, பிள்ளைக்குப் பரீட்சை என்றதும் கட்டுக்கலைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறாள். அவளை நாத்திகர் என்று எவரும் சொல்வதில்லை, முரண்படுகிறாள் என்று எவரும் கண்டிப்பதுமில்லை.

படைத்தவன் இல்லை என்ற இதே வார்த்தையைத் தோட்டத்துத் தமிழ் இளைஞன் மாரியம்மன் திருவிழாவின்போது சொன்னால் வீட்டில் அடி விழும். முஸ்லிம் இளைஞன் மாவில்மடையிலோ கட்டுகஸ்தோட்டையிலோ இருந்துகொண்டு சொன்னால் என்ன ஆகும் என்பதை இக்கட்டுரையின் பிற்பகுதியில் பார்ப்போம். பிக்கு சொன்னால் அது தத்துவம், மற்றவன் சொன்னால் அது துரோகம். சொல்லின் பொருள் மாறவில்லை, சொல்பவன் எந்த வீட்டுப் பிள்ளை என்பதுதான் மாறியது.

தமிழரிடம் இது பற்றி ஒரு நீண்ட நினைவு உண்டு. மணிமேகலையில் நாயகி ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் உன் கொள்கையைச் சொல் என்று கேட்கிறாள். பூதங்களும் கண்ணால் கண்டதும் தவிர வேறொன்றுமில்லை என்னும் பூதவாதிக்கும் அங்கே இடம் இருக்கிறது. அவனுடைய வாதத்தை அவன் வாயாலேயே சொல்ல விட்ட பிறகுதான் அவள் சிரிக்கிறாள், உன் தாய் தந்தையரை நீ எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள். அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் இதை ஒரு முறையாகவே ஆக்கிக்கொண்டது. அதன் முதற் பகுதி பரபக்கம், அதாவது பிறர் பக்கம். அதில் முதலில் வருபவன் கடவுளையும் மறுபிறவியையும் மறுக்கும் உலகாயதன். அவன் சொல்வதை அவன் தரப்பின் முழு வலிமையோடு எடுத்துவைத்துவிட்டு அதன் பிறகே மறுப்பு எழுதப்படுகிறது. உலகாயதரின் நூல்கள் தமிழில் நமக்கு மிஞ்சவில்லை. அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை இன்று ஒருவர் தமிழில் அறிய வேண்டுமானால் அவர்களை மறுத்த சைவரிடம்தான் போக வேண்டும். எதிரியின் வாதத்தைத் திரிக்காமல் எழுதிவைப்பதைவிடப் பெரிய மரியாதை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அதே மரபில் வேறு கதைகளும் இருக்கின்றன. மாணிக்கவாசகரோடு வாதிடத் தில்லைக்கு வந்தவர்கள் ஈழத்துப் பௌத்தர்கள் என்று திருவாதவூரர் புராணம் சொல்கிறது. வாதம் முடிவில் அவர்கள் ஊமையாகிறார்கள், ஊமையாக இருந்த ஈழ மன்னன் மகள் பேசுகிறாள். சம்பந்தர் கதையில் தோற்ற சமணர் கழுவேறுகிறார்கள். இவை வரலாறா என்பது வேறு கேள்வி. தோற்றவன் வாய் அடைபட வேண்டும், முடிந்தால் ஆளே இல்லாமற் போக வேண்டும் என்ற ஆசையை இவை பக்தியாகவே நமக்கு ஊட்டியிருக்கின்றன. பரபக்கத்தைப் படித்தவர்கள் சிலர், கழுமரக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் பலர்.

கண்டியில் மரியாதையோடு மறுப்பது எப்படி என்பதற்கு நான் காட்டும் உதாரணம் ஞானபோனிக தேரர். ஜேர்மனியில் யூதக் குடும்பத்தில் 1901இல் பிறந்து, இலங்கைக்கு வந்து துறவியாகி, போர்க் காலத்தில் ஆங்கிலேயரின் தடுப்பு முகாம்களில் இருந்து மீண்டு, உடவத்தகலைக் காட்டில் இருந்த ஆசிரமத்தில் 1994இல் இறக்கும்வரை வாழ்ந்தவர். 1958 ஜனவரி முதல் நாளில் கண்டி நண்பர்கள் இருவரோடு பௌத்த வெளியீட்டுச் சங்கத்தைத் தொடங்கினார். பௌத்தமும் கடவுட் கருத்தும் பற்றிய அவருடைய சிறு நூல் அச்சங்கத்தின் வெளியீடாகவே வந்தது. அதில் படைப்புக் கடவுளைத் தயங்காமல் மறுக்கிறார். மறுத்த கையோடு, கடவுளை நம்பி ஒழுக்கமாக வாழ்கிறவர் மற்ற எந்த நல்லவரையும் போல நற்பிறவியை எதிர்பார்க்கலாம் என்றும் எழுதுகிறார். நீ நம்புவது பிழை, ஆயினும் அதனால் நீ கெட்டுப்போக மாட்டாய் என்கிறது அந்த நிலைப்பாடு. நம்பாதவனுக்கு நரகம் என்று சொல்லும் மதவாதியும், நம்புகிறவன் மூடன் என்று சொல்லும் பகுத்தறிவாளனும் இதில் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் குணபால தர்மசிறி 1974இல் கிறிஸ்தவக் கடவுட் கருத்தைப் பௌத்த நோக்கில் விமர்சித்து ஒரு முழு நூலே வெளியிட்டார். அதற்கும் பதில்கள் எழுத்திலேயே வந்தன. அதே பத்தாண்டில் மெதடிஸ்த போதகர் லின் டி சில்வா, ஆன்மா இல்லை என்ற பௌத்தக் கொள்கையை எடுத்து அதன் துணையோடு பைபிளை மறுபடி வாசித்தார். டேவிட் டி சில்வா பாணந்துறையில் ஆயுதமாக எடுத்த அதே கேள்வி நூறு ஆண்டுகளில் ஒரு கிறிஸ்தவரின் கையில் பாடமாக மாறியிருந்தது.

இலங்கையில் நாத்திகம் என்றால் நினைவுக்கு வரும் பெயர் டாக்டர் ஆபிரகாம் தோமஸ் கோவூர். கேரளத்துத் திருவல்லாவில் சிரியன் கிறிஸ்தவப் பாதிரியாரின் மகனாக 1898இல் பிறந்தவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி தொடங்கிப் பல பாடசாலைகளில் தாவரவியல் கற்பித்து 1959இல் ஓய்வு பெற்றார். அதன்பின் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக இறக்கும்வரை இருந்தார். 1963இல், ஏமாற்றுக்கு வழியில்லாத சூழலில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு இலட்சம் ரூபா என்று சவால் விட்டார். அந்தக் காலத்தில் அது வீடு வாங்கும் பணம். 1978இல் அவர் மறையும்வரை எவரும் அதைப் பெறவில்லை. பேய் பிடித்தவர்களைக் குணப்படுத்திய அவருடைய குறிப்புகள் தமிழிலும் வாசிக்கப்பட்டன. அவற்றில் ஒன்றிலிருந்து மலையாளத்தில் புனர்ஜென்மமும் தமிழில் மறுபிறவியும் திரைப்படங்களாயின.

கோவூர் வசை தவிர்த்தவர் அல்லர். சாமியார்களையும் சோதிடர்களையும் ஏமாற்றுக்காரர் என்றே அழைத்தார். அதில் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. அவர் குறிவைத்தது அற்புதத்தை விற்றுச் சம்பாதித்தவர்களை. சவாலும் பந்தயம் போல் வெளிப்படையாக இருந்தது: வா, செய்து காட்டு, பணத்தை எடுத்துக்கொண்டு போ. அந்தச் சங்கத்தோடு நெருங்கியிருந்த மருத்துவப் பேராசிரியர் கார்லோ பொன்சேகா தீமிதிப்பை ஆராய்ந்து 1971இல் மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். தணலில் பாதம் படும் நேரம் சிறியது, வெறுங்காலோடு நடந்து பழகிய பாதத்தின் தோல் தடித்தது, அதனால்தான் சுடுவதில்லை, தெய்வத்துக்கு அதில் பங்கில்லை என்பது அவர் முடிவு.

அறிவியல் சரிதான். ஆனால் அந்தத் தடித்த பாதம் யாருடையது என்று மலையகத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும். கொழுந்துக் கூடையோடு செருப்பில்லாமல் மலை ஏறி இறங்கிய பெண்ணின் பாதம் அது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது தோட்டத்து மருந்துக்கடையில் வெள்ளை மாத்திரை தவிர வேறெதுவும் இல்லாத நாட்களில் அவள் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரம் கையை இழுத்துக்கொள்ளாமல் இருக்க அவர்கள் ரோதைமுனி என்று ஒரு தெய்வத்தையே உண்டாக்கி வைத்தார்கள். இயந்திரத்துக்குப் பாதுகாப்பு வேலி போட வேண்டிய துரை போடாதபோது முனிக்குச் சேவல் அறுத்தார்கள். ரோதைமுனி இல்லை என்று நிறுவுவது எளிது. இல்லை என்று நிறுவியவர் தொழிற்சாலைக்குள் போய் அந்த வேலியைப் பற்றியும் பேசினாரா என்பதுதான் அவரை மதிப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும். எளியவரின் சாமியைக் கிண்டல் செய்து கைதட்டல் வாங்குவது பகுத்தறிவின் மிக மலிவான வேலை, இன்று கைப்பேசியில் அதிகம் நடப்பதும் அதுதான்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஈழத் தமிழர் வரலாற்றில் ஒரு பெரிய பாடம் தென்படுகிறது. பேராதனையில் 1950களில் படித்து வெளிவந்தவர்களில் இருவர் க. கைலாசபதியும் மு. தளையசிங்கமும். முன்னவர் மார்க்சியத் திறனாய்வின் தலைமகன். பின்னவர் ஆத்மீகத்தைத் தன் எழுத்தின் அச்சாணியாகக் கொண்டு, முற்போக்காளரின் பொருள்முதல்வாதம் மனிதனைப் பாதியாகத்தான் பார்க்கிறது என்று அவர்களோடு மோதியவர். வாதம் காரமானது. ஆனால் வெளியே என்ன நடந்தது என்று பாருங்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியினரை விடவேண்டும் என்று போராடியது தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம். அதன் பின்னணியில் நின்றவர்கள் சண்முகதாசனின் சீனச் சார்புக் கம்யூனிஸ்டுகள். கடவுளில் நம்பிக்கையில்லாதவர்கள் பக்தர்களைக் கோயிலுக்குள் கொண்டுபோகப் போராடினார்கள். வாசலை மறித்து நின்றவர் முன்னாள் அமைச்சரும் கணித மேதையுமான சி. சுந்தரலிங்கம், சைவர். மூன்று ஆண்டு கழித்துப் புங்குடுதீவில் கண்ணகி அம்மன் கோயில் கிணற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் தண்ணீர் அள்ள வேண்டும் என்று இறங்கிப் பொலிஸிடம் அடிபட்டவர் தளையசிங்கம், அவரும் ஆழ்ந்த நம்பிக்கையாளர். 1973இல் முப்பத்தெட்டு வயதில் இறந்தார். மாவிட்டபுரத்துக் கம்யூனிஸ்டும் புங்குடுதீவின் ஆத்மீகரும் நின்றது ஒரே பக்கம். நம்பிக்கை என்ற கோட்டைப் போட்டு இவர்களைப் பிரிக்கப் போனால் நமக்கு முக்கியமான எதுவும் மிஞ்சாது.

தமிழகத்திலிருந்து மலையகத்துக்கு வந்த மறுப்பு பெரியாருடையது. 1932இல் ஐரோப்பாவும் சோவியத் நாடும் போய்த் திரும்பும் வழியில் அவர் கொழும்பில் பேசினார். பிறகு ஏ. இளஞ்செழியனின் தலைமையில் இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் தோட்டங்களில் வேர்விட்டது. 1962இல் அரசு அதைத் தடை செய்தது. பெரியாரின் இயக்கத்திலும் வாதத்தையும் ஊர்வலத்தையும் பிரித்துப் பார்க்கலாம். அவருடைய கேள்விகளுக்கு இன்றும் பலரிடம் விடையில்லை. ஆனால் 1953இல் பிள்ளையார் சிலை உடைப்பும், 1971 சேலம் ஊர்வலத்தில் இராமனின் படத்துக்குச் செருப்படி விழுந்ததும் எவரையும் சிந்திக்க வைக்கவில்லை, கூட்டங்களைக் கூட்டங்களுக்கு எதிராக நிறுத்தின. அதே பெரியார் குன்றக்குடி மடத்துக்குப் போனபோது அடிகளார் இட்ட திருநீற்றை மறுக்காமல் ஏற்றுக்கொண்டார் என்பார்கள். அடிகளாரும் அவரோடு மேடை ஏறத் தயங்கியதில்லை. இருவரும் ஒருவரையொருவர் மாற்றிவிடவில்லை. சாதி ஒழிப்பிலும் தமிழ் வழிபாட்டிலும் சேர்ந்து நடக்க அது தடையாகவும் இருக்கவில்லை.

இனிக் கைப்பேசிக்கு வருவோம். இன்றைய வாதங்கள் பெரும்பாலும் அங்கேதான் நடக்கின்றன. கம்பளை மேடைக்கும் அம்பகமுவ வீதிக்கும் இடையிலிருந்த தூரம் அங்கே இல்லாமற் போய்விட்டது என்பது என் கருத்து. ஒருவர் எழுதுவது வாதம் போலத்தான் இருக்கிறது. அது போய்ச் சேரும் விதம் மேளத்தோடு பள்ளிவாசலைக் கடக்கும் பெரஹரா போல. யாருடைய வாசலில் நிற்கிறோம் என்று எழுதியவருக்கே தெரியாது. பின்னால் எத்தனை பேர் சேர்ந்துகொண்டார்கள் என்பதும் தெரியாது.

சிறிய அளவில் இது எப்படி இருக்கும் என்பதைக் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் பார்க்கலாம். விடியற்காலையில் பெரியமாமா பிள்ளையார் படத்தோடு வணக்கம் போடுகிறார். பத்துப் பேர் கைகூப்புகிறார்கள். கொழும்பில் படிக்கும் மருமகன், யானைத் தலையை ஒட்ட வைத்த டாக்டர் யார் மாமா என்று கேட்கிறான். அவன் மனதில் அது மாமாவோடு அடிக்கும் வழக்கமான அரட்டை. முற்றத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தால் மாமா தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, தேத்தண்ணி குடிச்சியா என்று கேட்டிருப்பார். இங்கே அதை அத்தை பார்க்கிறாள், புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள் பார்க்கிறாள், கனடாவிலிருக்கும் சித்தப்பா பார்க்கிறார். இத்தனை பேர் முன்னால் பதில் சொல்லாவிட்டால் தோற்ற மாதிரி. மாமா, வளர்ப்பு சரியில்லை என்று எழுதுகிறார். இப்போது அது பையனின் அம்மாமீது போன வார்த்தை. விநாயகர் பற்றி எவரும் பேசவில்லை. மாலைக்குள் இருவர் குழுவை விட்டுப் போயிருப்பார்கள்.

பெரிய அளவில் இது எப்படி இருக்கும் என்பதைத் திகன காட்டியது. 2018 மார்ச் முதல் வாரத்தில் கண்டி மாவட்டத்தில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மார்ச் 6 அன்று அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து முகநூலும் வாட்ஸ்அப்பும் வைபரும் நாடு முழுதும் முடக்கப்பட்டன. வெறுப்பைப் பரப்பிய சிங்களப் பதிவுகளைப் பற்றி முறையிட்டவர்களுக்கு, அவை விதிகளை மீறவில்லை என்ற பதில் வந்திருந்தது. தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்கு முகநூல் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. திகனவிலும் கடவுள் உண்டா என்பது கேள்வியாக இருக்கவில்லை. எனினும் அதற்கு முந்தைய மாதங்களில் சுற்றிய பதிவுகளில் பல, மத விமர்சனம் என்ற போர்வையில் வந்தவை. குர்ஆனைப் பகுத்தறிவோடு ஆராய்வதாகச் சொல்லிக்கொண்டு பக்கத்து வீட்டு மனிதரைப் பூச்சியாக்கியவை. பகுத்தறிவின் சொற்களை யாரும் இரவல் வாங்கலாம். அதனால்தான் விமர்சிக்கிறவர் தன் பின்னால் யார் நடக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கக் கடமைப்பட்டவர்.

இந்தக் கடமை எல்லோருக்கும் ஒரே பாரம் அல்ல. மிக நெருக்கடியான இடத்தில் நிற்பவர் சிறுபான்மைச் சமூகத்துக்குள்ளேயே நம்பிக்கையை விட்டவர். 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு, தமிழ் பேசும் முன்னாள் முஸ்லிமான ரிஷ்வின் இஸ்மத், பாராளுமன்றத் தெரிவுக்குழு முன் வெளிப்படையாகச் சாட்சியம் அளித்தார். மதம் மாறியவரைக் கொல்வது பற்றி அரசு அச்சிட்ட பாடநூலிலேயே இருக்கிறது என்று எடுத்துக்காட்டினார். உயிருக்கு அச்சுறுத்தல்கள் வந்தன. அதே வாரங்களில் தலதா மாளிகையின் முன்னால் அத்துரலியே ரதன தேரர் உண்ணாவிரதம் இருந்தார். ஜூன் 3 அன்று அரசாங்கத்திலிருந்த முஸ்லிம் அமைச்சர்கள் எல்லோரும் பதவி விலகினார்கள். ஒரு சமூகமே குற்றக்கூண்டில் நிறுத்தப்பட்ட நேரத்தில் அதன் உள்ளிருந்து ஒருவர் கேட்கும் நியாயமான கேள்வியையும் கும்பல் கல்லாக எடுத்து எறியும். கேள்வியைக் கேட்காமல் இருந்தாலோ அவருடைய உயிருக்கு உத்தரவாதம் இல்லை. இந்த இக்கட்டைப் பெரும்பான்மைச் சமூகத்து நாத்திகர் அறியமாட்டார், அவருக்கு அது வாரவிடுமுறைப் பொழுதுபோக்கு.

2017 மார்ச்சில் கோயம்புத்தூரில் திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த பாரூக், இணையத்தில் கடவுள் மறுப்பை எழுதியதற்காக வெட்டிக் கொல்லப்பட்டார். மகன் போன அதே இயக்கத்தில் தானும் சேர்வேன் என்று அவர் தந்தை சொன்னதாகச் செய்தி வந்தது. டாக்காவில் எழுத்தாளர் அவிஜித் ராய் 2015 பெப்ரவரியிலும், புனேயில் மூடநம்பிக்கை எதிர்ப்பாளர் நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்டிலும் கொல்லப்பட்டார்கள். இரு தரப்பிலும் தவறு உண்டு என்று சமன் செய்து முடிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. புண்பட்ட மனமும் வெட்டுப்பட்ட கழுத்தும் ஒரே தராசில் வைக்கத் தக்கவை அல்ல. நாத்திகரின் கேலி எவ்வளவு கேவலமாக இருந்தாலும் அதற்குப் பதில் கேலியாகவோ மௌனமாகவோதான் இருக்க முடியும்.

சட்டம் இதில் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை எந்த மட்டுப்பாடும் இல்லாமல் தருகிறது. எந்த மதத்தையும் ஏற்காதிருப்பதும் அதற்குள் வரும். ஆனால் மதவெறுப்பைத் தூண்டி வன்முறை விளைப்பதைத் தடுக்க 2007இல் வந்த சிவில், அரசியல் உரிமைகள் சமவாயச் சட்டம் வேறு விதமாகத்தான் பயன்பட்டது. பிக்குகளின் வாழ்வைத் தொட்டுச் சிறுகதை எழுதிய சக்திக சத்குமார 2019 ஏப்ரலில் கைதாகி நான்கு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார். நகைச்சுவைக் கலைஞர் நதாஷா எதிரிசூரிய 2023 மே மாதம் கைதாகி ஜூலையில்தான் பிணையில் வந்தார். திகனவில் தீ வைக்கத் தூண்டியவர்களைக் கட்டுப்படுத்த வேண்டிய சட்டம் கதை எழுதியவரையும் சிரிக்க வைத்தவரையும் பிடித்தது. 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் மத உணர்வைப் புண்படுத்தும் பொய்க் கூற்றுகளையும் தன் வலைக்குள் கொண்டுவந்திருக்கிறது. மத விஷயத்தில் எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவிடம் கொடுப்பதை நம்பிக்கையாளர்கள்தான் முதலில் எதிர்த்திருக்க வேண்டும்.

சட்டத்தை நம்ப முடியாத இடத்தில் வீடும் ஊரும்தான் மிஞ்சுகின்றன. 2012 குடிசன மதிப்பீட்டின்படி கண்டி மாவட்டத்தில் ஏறத்தாழ 13.75 இலட்சம் பேர். வெளியிடப்பட்ட அட்டவணையில் பௌத்தர், இந்து, இஸ்லாமியர், கத்தோலிக்கர், ஏனைய கிறிஸ்தவர், வேறு என்று நிரல்கள் உண்டு. நம்பிக்கையில்லாதவருக்குத் தனி நிரல் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் பிறந்த மதத்தின் நிரலிலேயே எண்ணப்பட்டிருப்பார்கள். அதாவது அவர்கள் வெளியே எங்கோ கூட்டமாக இல்லை. திருவிழாச் செலவுக்குக் காசு கொடுத்துவிட்டுக் காவடிக்குத் துணையாக நடந்துவருகிறவர்களில் இருக்கிறார்கள், நோன்புக் கஞ்சியைப் பகிர்ந்து குடிக்கிறவர்களில் இருக்கிறார்கள், ஞாயிறு பூசையில் பின்வாங்கில் அம்மாவுக்காக உட்கார்ந்திருக்கிறார்கள்.

இவர்களுக்கும் குடும்பத்துக்கும் இடையிலான கணக்கு வாதத்தில் தீராது, பெரும்பாலும் சாவு வீட்டில்தான் தீரும். நம்பிக்கையில்லாத மூத்த மகன் அப்பாவுக்கு மொட்டையடித்துக் கொள்ளி வைக்க வேண்டுமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். வைக்கலாம் என்பேன். அது அப்பாவின் சாவு, அவருடைய விருப்பம் அங்கே நடக்கட்டும், மகனின் கொள்கை அதனால் தேய்ந்துவிடாது. ஆனால் அதே நியாயம் மறுபக்கமும் நிற்க வேண்டும். கோவூர் தன் கண்களைத் தானம் செய்து, உடலை மருத்துவக் கல்லூரிக்கும் எலும்புக்கூட்டைத் தான் கற்பித்த தேர்ஸ்டன் கல்லூரிக்கும் எழுதிவைத்தார். மதச் சடங்கு எதுவும் வேண்டாம் என்றார். பேராதனை மருத்துவ பீடத்துக்கும் மக்கள் உடலைக் கொடுக்கிறார்கள். எழுதிவைத்தவர் தன் உடலைத் தானே தூக்கிக்கொண்டு போக முடியாது. குருக்களைக் கூப்பிடாமல், பறை அடிக்காமல், ஊர் என்ன சொல்லுமோ என்று பார்க்காமல், அண்ணனும் தங்கையும் மச்சானும் சேர்ந்து அந்த உடலைப் பேராதனைக்குக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும்.